‘மழை பெய்தால் விடுமுறை, மழை பெய்தால் விடுமுறை இல்லை’: இது முரண்பாடா, இல்லையா?

கேள்வி: மாலைவகுப்பு

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஆறு பேருக்கு மாலை வேளையில் வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். தனிநிலைக் கணிதப் பாடத்தில் கூட்டுக்கூற்றுகளை மெய்மை அட்டவணை போட்டு மெய்மம் (எப்போதும் மெய்), முரண்பாடு (எப்போதும் பொய்), நிச்சயமின்மை (சில இடங்களில் மெய், சில இடங்களில் பொய்) என்று வகைப்படுத்தும் பகுதியை முடித்திருந்தோம். பாடநூலில் உள்ள கணக்கையே திரும்பக் கொடுத்தால் மனப்பாடமாக எழுதிவிடுவார்கள் என்பதால் நானே ஒன்றை அமைத்துக் கொடுத்தேன். இங்கே தனிக்கூற்றுகளை க, ச என்றும், மெய்யை ‘மெ’ என்றும், பொய்யை ‘பொ’ என்றும் எழுதுகிறேன். → என்பது ‘ஆனால்’ என்ற நிபந்தனை, ∧ என்பது ‘மற்றும்’, ∨ என்பது ‘அல்லது’, ¬ என்பது ‘இல்லை’.

(க → ச) ∧ (க → ¬ச)

க என்பது ‘இன்று மழை பெய்கிறது’. ச என்பது ‘இன்று பள்ளிக்கு விடுமுறை’. மழை பெய்தால் விடுமுறை என்றும், மழை பெய்தால் விடுமுறை இல்லை என்றும் ஒரே வாய் சொன்னால் அது முரண்பாடு அல்லாமல் வேறென்ன என்ற துணிச்சலில், அட்டவணை போட்டுப் பார்க்காமலே விடைக்குறிப்பில் ‘முரண்பாடு’ என்று எழுதிவைத்துவிட்டேன். ஐந்து பேர் அப்படியே எழுதியிருந்தார்கள். அவர்களில் மூவர் அட்டவணையே போடவில்லை. ஆறாவது மாணவி மட்டும் பென்சிலால் கோடு போட்டு நான்கு நிரைகளையும் நிரப்பி, கடைசி நிரலில் மேலிருந்து கீழாக பொ, பொ, மெ, மெ என்று எழுதி, ‘நிச்சயமின்மை’ என்று முடித்திருந்தாள். நான் சிவப்பு மையால் பெருக்கற்குறி போட்டேன். நோட்டை வாங்கிப் பார்த்தவள், “எந்த நிரை தப்பு என்று மட்டும் சொல்லுங்கள்” என்று கேட்டாள். என்னால் சொல்ல முடியவில்லை.

இரவு நானே போட்டுப் பார்த்தேன். அவள் எழுதியதுதான் வருகிறது. கை ஒப்புக்கொள்கிறது, மனம் ஒப்ப மறுக்கிறது. பார்த்தாலே முட்டிக்கொள்ளும் இரண்டு கூற்றுகள் எப்படி இரண்டு நிரைகளில் ஒருசேர மெய்யாக முடியும்? இதை மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?

மறுமொழி: நிரைநிரல்

மாணவி எழுதியது முழுக்கச் சரி. பின்னால் வருபவர்களுக்காக அட்டவணையை இங்கே போட்டுவிடுகிறேன்.

க | ச | க → ச | க → ¬ச | முழுக்கூற்று
மெ | மெ | மெ | பொ | பொ
மெ | பொ | பொ | மெ | பொ
பொ | மெ | மெ | மெ | மெ
பொ | பொ | மெ | மெ | மெ

நீங்கள் சறுக்கிய இடம் அட்டவணைக்கு முன்னாலேயே இருக்கிறது. க → ச என்பதன் மறுப்பு க → ¬ச என்று மனம் தானாக எடுத்துக்கொள்கிறது. பல ஆண்டுகள் பாடம் நடத்தியவர்களும் இந்த இடத்தில் இடறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனைக் கூற்றை இன்னொரு நிபந்தனைக் கூற்று மறுப்பதில்லை. ‘மழை பெய்தால் விடுமுறை’ என்று சொன்னவரைப் பொய்யர் ஆக்க வேண்டுமானால், மழையும் பெய்திருக்க வேண்டும், பள்ளியும் நடந்திருக்க வேண்டும். அதாவது ¬(க → ச) என்பது க ∧ ¬ச. ஆகவே நீங்கள் கொடுக்க நினைத்த முரண்பாடு (க → ச) ∧ (க ∧ ¬ச) என்பதே. இதில் முதல் பகுதியின் நிரல் மெ, பொ, மெ, மெ. இரண்டாம் பகுதியின் நிரல் பொ, மெ, பொ, பொ. இரண்டும் எந்த நிரையிலும் ஒருசேர மெய்யாவதில்லை. நான்கு நிரையும் பொய்.

மாணவர்களிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். தலைமையாசிரியர் காலையில், “மழை பெய்தால் இன்று விடுமுறை” என்கிறார். அதை அறியாத உதவித் தலைமையாசிரியர், “மழை பெய்தால் விடுமுறை கிடையாது” என்கிறார். அன்று முழுவதும் வெயில் அடித்தால், மாலையில் இருவரில் யாரைப் பொய் சொன்னவர் என்று பிடிப்பது? யாரையும் பிடிக்க முடியாது. இருவர் வாக்கும் சோதனைக்கே வரவில்லை. மழை பெய்திருந்தால் மட்டும் ஒருவர் கட்டாயம் மாட்டியிருப்பார். ஆக, இருவர் சொன்னதும் மெய் என்று ஒருவர் சாதித்தால், அவர் உண்மையில் சொல்வது ‘இன்று மழை பெய்யாது’ என்பதுதான். கடைசி நிரலைப் பாருங்கள். அது ¬க-வின் நிரலேதான். விடுமுறை அறிவிப்பாகத் தொடங்கியது வானிலை அறிவிப்பாக முடிகிறது!

‘வெயில் அடித்த நாளில் இருவர் சொன்னதும் மெய் என்று கொள்வது வெறும் ஏற்பாடு தானே’ என்று யாராவது கேட்டால் √2-ஐக் காட்டுங்கள். √2 விகிதமுறா எண் என்று நிறுவும்போது நாம் செய்வது என்ன? அது விகிதமுறு எண் என்று கொண்டால், அதைச் சுருங்கிய வடிவப் பின்னமாக எழுதலாம். அப்போது தொகுதிக்கும் பகுதிக்கும் ஒன்றைத் தவிரப் பொதுக்காரணி இல்லை. இது க → ச. அதே எடுகோளிலிருந்து இருபுறமும் வர்க்கப்படுத்திப் போனால் தொகுதியும் இரட்டைப்படை, பகுதியும் இரட்டைப்படை என்று வருகிறது. அதாவது பொதுக்காரணி 2 இருக்கிறது. இது க → ¬ச. இரண்டையும் நிறுவிய பிறகே ¬க என்று முடிக்கிறோம். உங்கள் கூற்று முரண்பாடாக இருந்திருந்தால், இந்த இரண்டு நிபந்தனைகளையும் ஒரே நிரூபணத்துக்குள் யாராலும் நிறுவியிருக்கவே முடியாது. முரண்பாட்டு முறை நிரூபணம் நிற்பதே அந்தக் கீழ் இரண்டு ‘மெ’களின் மேல்தான். [(க → ச) ∧ (க → ¬ச)] → ¬க என்பதற்கு அட்டவணை போடச் சொல்லுங்கள், மெய்மம் வரும்.

மறுமொழி: மாலைவகுப்பு

மிக்க நன்றி. √2 எடுத்துக்காட்டைப் படித்த பிறகுதான் மனமும் ஒப்பியது. இதை ஒட்டி இன்னும் இரண்டு ஐயங்கள். க → ¬க என்பதும் பார்வைக்கு முரண்பாடு போலவே இருக்கிறதே, அதுவும் இதே கதைதானா? இரண்டாவது, மாணவர்களிடம் மெய்மத்துக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால், ‘பூமி சூரியனைச் சுற்றுகிறது’ என்று சொல்கிறார்கள். எப்போதும் மெய்யாக இருப்பது மெய்மம் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்த வரையறைப்படி அவர்கள் சொல்வது தவறு என்று எப்படிக் காட்டுவது?

மறுமொழி: வடமராட்சியான்

இலங்கையில் உயர்தர வகுப்புக்கு அளவையியலும் விஞ்ஞான முறையும் என்ற பாடத்தைப் பல வருடங்கள் படிப்பித்தவன் என்ற வகையில் எழுதுகிறேன். நீங்கள் மெய்மை அட்டவணை என்பதை நாங்கள் உண்மை அட்டவணை என்போம். நீங்கள் மெய்மம் என்பதை நாங்கள் கூறியது கூறல் என்போம். இந்தப் பெயர் நன்னூலார் நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களில் ஒன்று. அந்தச் சூத்திரத்தில் ‘கூறியது கூறல்’ என்பதற்கு அடுத்தே ‘மாறுகொளக் கூறல்’ வருகிறது. நூலுக்குக் குற்றமென்று பவணந்தியார் ஒதுக்கியவற்றை நாங்கள் அட்டவணை போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் பெயரை நம்பி ஏமாறக் கூடாது. கூறியதைத் திரும்பக் கூறுவதுபோல் தோன்றாத மெய்மங்கள் உண்டு. அமெரிக்க அளவையியலாளர் சார்லஸ் பேர்சின் பெயரால் வழங்கும் விதியைப் பாருங்கள்: [(க → ச) → க] → க. இதை வாய்விட்டு வாசித்தால் யாருக்கும் உடனே மெய்யென்று தோன்றாது. க மெய்யானால் கடைசிப் பகுதி மெய். ஆகவே முழுதும் மெய். க பொய்யானால் க → ச மெய், அதனால் (க → ச) → க பொய், பொய்யிலிருந்து பொய்க்குச் செல்லும் நிபந்தனை மெய். எந்த நிரையிலும் பொய் வரவில்லை. அதேபோல மாறுகொளக் கூறுவதாய்த் தோன்றுவதெல்லாம் முரண்பாடும் ஆகாது; உங்கள் கணக்கே அதற்குச் சாட்சி.

க → ¬க இரண்டே நிரைகளில் முடிந்துவிடும். க மெய்யானால் பொய். க பொய்யானால் மெய். ஆகவே அதுவும் ¬க-வை வேறு உடையில் சொல்வதுதான். மறுபக்கம் ¬க → க என்பது க-வையே சொல்கிறது. இவ்விரண்டையும் ∧ போட்டு இணைத்தால் மட்டுமே முரண்பாடு பிறக்கும். (க → ¬க) ∧ (¬க → க) என்பதை அடுத்த கணக்காகக் கொடுத்துப் பாருங்கள். முதலில் ஒன்றை மட்டும் கொடுத்து, பிறகு இரண்டையும் இணைத்துக் கொடுத்தால் பிள்ளைகள் வேறுபாட்டைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

பூமி விடயத்தில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஏலாது. ‘எப்போதும்’ என்ற சொல்தான் குழப்பியது. மெய்மம் என்பது எல்லாக் காலத்திலும் மெய்யாக இருப்பது அன்று. அட்டவணையின் எல்லா நிரைகளிலும் மெய்யாக இருப்பது. ‘பூமி சூரியனைச் சுற்றுகிறது’ என்பதன் வடிவம் வெறும் க. அதன் அட்டவணையில் இரண்டு நிரைகள். ஒன்றில் மெ, மற்றதில் பொ. அட்டவணைக்கு வானியல் தெரியாது. அது மெய் என்று சொல்ல வானத்தைப் பார்த்தவர் வேண்டும். ‘பூமி சூரியனைச் சுற்றுகிறது அல்லது சுற்றவில்லை’ என்பதை மெய் என்று சொல்ல யாரும் வானத்தைப் பார்க்கத் தேவையில்லை. அதனாலேயே அது வானத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதுமில்லை. தத்துவஞானி விட்கன்ஸ்டைன் 1921இல் வெளியான தம் நூலில் இதற்கு மழையைத்தான் எடுத்துக்காட்டினார்: மழை பெய்கிறது அல்லது பெய்யவில்லை என்று அறிந்தவன் வானிலையைப் பற்றி எதுவும் அறிந்தவன் ஆகான் என்பது அவர் கருத்து. அதே 1921இல் கணிதவியலாளர் எமில் போஸ்ட் வெளியிட்ட கட்டுரையும் மெய்மை அட்டவணை முறையை வகுத்துத் தந்தது.

நிபந்தனைக் கூற்று ஒரே ஒரு நிரையில் மட்டும் பொய் என்று கொள்வது உங்களுக்கு நெருடியதில் வியப்பில்லை. பண்டைக் கிரேக்கத்தில் மெகாரா மரபைச் சேர்ந்த அளவையியலாளர் ஃபிலோ இந்த வரையறையைச் சொன்னபோது அவருடைய ஆசிரியர் டியோடோரஸே ஒப்புக்கொள்ளவில்லை. எந்த நிபந்தனை மெய் என்று கூரையில் இருக்கும் காகங்கள்கூடக் கரைகின்றன என்று கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கவிஞர் கல்லிமாக்கஸ் அந்தச் சண்டையைக் கேலி செய்திருக்கிறார்.

மறுமொழி: நிரலர்

மேலே உள்ளவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அட்டவணை ‘நிச்சயமின்மை’ என்று சொன்னால் நடைமுறையிலும் அப்படித்தான் என்று மாணவர்கள் நம்பிவிடக் கூடாது என்பதற்காக, நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், வாடிக்கையாளர்களுக்கு நினைவூட்டல் குறுஞ்செய்தி அனுப்பும் கணினி நிரலை எழுதினேன். மூடிய கணக்குக்கும் முடக்கிய கணக்குக்கும் செய்தி போகக் கூடாது. நான் எழுதிய நிபந்தனை: ‘கணக்கின் நிலை மூடியது அல்ல, அல்லது கணக்கின் நிலை முடக்கியது அல்ல’. ‘நிலை மூடியது’ என்பதை க என்றும் ‘நிலை முடக்கியது’ என்பதை ச என்றும் கொண்டால் இது ¬க ∨ ¬ச. அட்டவணை போட்டால் பொ, மெ, மெ, மெ, நிச்சயமின்மை. சிலருக்குப் போகும், சிலருக்குப் போகாது என்றுதான் அட்டவணை சொல்கிறது. நடந்தது வேறு: ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் செய்தி போனது, கணக்கை மூடிவிட்டுப் போனவர்கள் மறுநாள் காலையில் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்கள்.

காரணம் எளிது. ஒரு கணக்குக்கு ஒரு நேரத்தில் ஒரே நிலைதான் இருக்க முடியும் என்பதால், க, ச இரண்டும் மெய்யாகும் முதல் நிரை நடைமுறையில் வரவே வராது. பொய் இருந்த ஒரே நிரை அதுதான். மெய்மை அட்டவணை தனிக்கூற்றுகளை ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாகவே பார்க்கும். அவற்றுக்கிடையே உறவு இருந்தால் அதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். இங்கே அந்த உறவு ¬(க ∧ ச). அதைச் சேர்த்து ¬(க ∧ ச) → (¬க ∨ ¬ச) என்று எழுதினால் மெய்மம் வருகிறது. டி மார்கன் விதியின் ஒரு பாதிதான் அது. நான் எழுதியிருக்க வேண்டியது ¬க ∧ ¬ச. பேசும்போது ‘இதுவும் அல்ல, அதுவும் அல்ல’ என்று சரியாகத்தான் சொல்வோம். நிரலில் எழுதும்போது ‘இதற்கு அல்லது அதற்குப் போகக் கூடாது’ என்ற வாக்கியத்தில் உள்ள ‘அல்லது’ என்ற சொல் கையோடு வந்துவிடுகிறது.

ஆகவே வகுப்பில் சொற்களில் எடுத்துக்காட்டுக் கொடுக்கும்போது, வர முடியாத நிரை ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ‘எண் இரட்டைப்படை’, ‘எண் ஒற்றைப்படை’ என்று இரண்டு தனிக்கூற்றுகளைக் கொடுத்துவிட்டு இணைப்பை வகைப்படுத்தச் சொன்னால், அட்டவணை ஒன்றைச் சொல்லும், எண்கணிதம் வேறொன்றைச் சொல்லும். மாணவர் எதை எழுதினாலும் பாதி நியாயம் இருக்கும். மழையும் விடுமுறையும் அந்த வகையில் நல்ல தேர்வு.

மறுமொழி: மாலைவகுப்பு

இரட்டைப்படை, ஒற்றைப்படை எடுத்துக்காட்டைத்தான் அடுத்த வாரத்துக்கு எழுதிவைத்திருந்தேன், கிழித்துவிட்டேன். மூன்று தனிக்கூற்றுகள் வந்தால் எட்டு நிரை, நான்கு வந்தால் பதினாறு நிரை. எட்டாவது நிரைக்கு வருவதற்குள் பிள்ளைகள் ஏதாவது ஒரு கட்டத்தில் மாற்றி எழுதிவிடுகிறார்கள். விடையைச் சரிபார்த்துக்கொள்ளக் குறுக்குவழி உண்டா?

மறுமொழி: வடமராட்சியான்

உண்டு, நாங்கள் அதை நேரல் முறை என்போம். கூற்று பொய் என்று கொண்டு பின்னோக்கி நடக்க வேண்டும். [(க → ச) ∧ (ச → ட)] → (க → ட) என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இது பொய்யானால் முன்பகுதி மெய், பின்பகுதி பொய். க → ட பொய்யானால் க மெய், ட பொய்; வேறு வழியில்லை. க மெய், க → ச மெய் என்பதால் ச மெய். ச மெய், ச → ட மெய் என்பதால் ட மெய். ட ஏற்கெனவே பொய் என்று வந்துவிட்டது. எங்கும் பொய்யாக்க முடியாது; ஆகவே மெய்மம். எட்டு நிரை எழுத வேண்டிய இடத்தில் ஒரே நடை.

இதில் ஒரு பொறி உள்ளது. என் மாணவர்கள் ஆண்டுதோறும் விழுவார்கள். பொய் என்று கொண்டு நடந்தபோது முட்டல் எதுவும் வராவிட்டால், கூற்று மெய்மம் அல்ல என்று மட்டுமே தெரியும். அது முரண்பாடா நிச்சயமின்மையா என்று இன்னும் தெரியாது. மெய் என்று கொண்டு இன்னொரு முறை நடக்க வேண்டும். அந்த நடையில் முட்டினால் முரண்பாடு. அதிலும் முட்டாவிட்டால்தான் நிச்சயமின்மை. முதல் நடையோடு நிறுத்திவிட்டு ‘முரண்பாடு’ என்று எழுதுபவர்களே அதிகம்.

மறுமொழி: நிரைநிரல்

தேர்வில் ‘மெய்மை அட்டவணையைப் பயன்படுத்தி’ என்று கேட்டிருந்தால் அட்டவணை போட்டால்தான் மதிப்பெண் என்பதை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். குறுக்குவழி சரிபார்க்க மட்டும்.

எழுத்துப்பிழை குறைய ஒரு வழி: முதல் எழுத்துக்கு நான்கு மெ, நான்கு பொ, இரண்டாவதற்கு இரண்டிரண்டாக, மூன்றாவதற்கு ஒன்றுவிட்டு ஒன்று என்று நிரல் நிரலாகக் கீழ்நோக்கி நிரப்பச் சொல்லுங்கள். நிரை நிரையாகப் பக்கவாட்டில் நிரப்பும் பிள்ளைகள்தான் ஒரே நிரையை இருமுறை எழுதி இன்னொன்றை விட்டுவிடுகிறார்கள்.

மறுமொழி: நிரலர்

ஒரு கூடுதல் செய்தி. 30 தனிக்கூற்றுகள் வந்தால் நிரைகள் 107 கோடியைத் தாண்டிவிடும். ஒன்று கூடினால் அதுவும் இரட்டிப்பாகும். ஒரு கூற்றின் கடைசி நிரலில் ஒரே ஒரு மெய்யாவது உண்டா என்று எல்லாக் கூற்றுகளுக்கும் விரைவாகச் சொல்லிவிடும் வழி இருக்கிறதா என்பதுதான் கணினியியலாளர் ஸ்டீஃபன் குக் 1971இல் எழுதிய கட்டுரையிலிருந்து கணினியியலின் பெரிய கேள்வியாக நிற்கிறது. இன்றுவரை விடை இல்லை. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குத்தானே என்று நினைக்கும் மாணவர் யாராவது இருந்தால் இதைச் சொல்லிவையுங்கள்.

மறுமொழி: மாலைவகுப்பு

அனைவருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் நோட்டை வாங்கிப் பெருக்கற்குறியை அடித்துவிட்டு மதிப்பெண்ணைப் போட்டேன். மற்ற ஐவரின் மதிப்பெண்ணையும் என் விடைக்குறிப்பையும் அதே சிவப்பு மையால் திருத்தினேன். பிறகு க → ¬க, ¬க → க இரண்டையும் தனித்தனியாகவும் இணைத்தும் கரும்பலகையில் போட்டோம். இந்த முறை ஆறு பேரும் அட்டவணை போட்ட பிறகே விடை சொன்னார்கள்.

முடிக்கும்போது அந்த மாணவி, க, ச என்ற இரண்டு எழுத்துகளை மட்டும் வைத்து எத்தனை விதமான கடைசி நிரல்கள் வர முடியும் என்று கேட்டாள். நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் மெ அல்லது பொ, ஆக 16. அவற்றில் நான்கும் மெ ஆனது ஒன்று, நான்கும் பொ ஆனது ஒன்று. மீதி 14 நிரல்களும் நிச்சயமின்மை. அட்டவணை போடாமல் கண்ணை மூடிக்கொண்டு ‘முரண்பாடு’ என்று எழுதிய நான், அந்தப் பதினாறில் ஒன்றின் மேல்தான் பணம் கட்டியிருக்கிறேன் என்று அவள் சொல்லவில்லை, சிரித்தாள்.